பூனையும் கேனரியும்: மீட்கப்பட்ட ஒரு மௌனப் பேய்வீட்டுப் படம்

‘தி கேட் அண்ட் த கேனரி’ 1927ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான அமெரிக்க மௌனப் படம். யுனிவர்சல் நிறுவனம் தயாரித்தது. இயக்கியவர் ஜெர்மனியிலிருந்து வந்த பால் லெனி. பாழடைந்த பெரிய மாளிகை, நள்ளிரவில் வாசிக்கப்படும் உயில், சொத்துக்காகக் கூடும் உறவினர், சுவருக்குள்ளிருந்து நீளும் கை, இறுதியில் அவிழும் முகமூடி எனப் பிற்காலப் பேய் பங்களாப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் சரக்குகளில் பெரும்பாலானவை இப்படத்தில் ஒன்றாகக் கிடைக்கின்றன. பல ஆண்டுகள் மங்கிய, வெட்டுப்பட்ட பிரதிகளில் மட்டுமே பார்க்கக் கிடைத்த இப்படம் 2004இலும், பின்னர் 2020களிலும் மீட்டுருவாக்கம் செய்யப்பட்டது.

தமிழ் வாசகருக்கு இப்படத்தின் வரலாறு இரண்டு காரணங்களால் முக்கியமானது. இதன் கதைமுடிச்சு இந்தி வழியாகத் தமிழ்த் திரைக்கும் வந்து சேர்ந்த ஒன்று. இப்படம் வெளியான அதே காலத்தில் சென்னையில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களோ ஏறத்தாழ முழுவதுமாக அழிந்துவிட்டன. ஒன்று எப்படிப் பிழைத்தது, மற்றவை ஏன் பிழைக்கவில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் மீட்டுருவாக்கம் என்ற சொல்லின் பொருள் விளங்கும்.

மேடையிலிருந்து திரைக்கு

படத்தின் மூலம் ஜான் வில்லார்ட் எழுதிய நாடகம். 1922இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் அரங்கேறி நன்றாக ஓடியது. அந்த ஆண்டுகளில் பிராட்வேயில் இத்தகைய நாடகங்களுக்குத் தனி மவுசு இருந்தது. 1920இல் வந்த ‘தி பேட்’ அதற்கு வழிகாட்டி. ஒரு வீடு, ஓர் இரவு, ஏழெட்டுப் பேர், விளக்கணைந்தால் ஒரு கொலை. மேடைக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. ஒரே அரங்க அமைப்பு போதும், செலவு குறைவு, பார்வையாளர் அலறுவதும் சிரிப்பதும் மாறி மாறி நடக்கும்.

பயத்தோடு நகைச்சுவையைக் கலப்பதும், முடிவில் பேய் எதுவும் இல்லை, எல்லாம் மனிதனின் சூழ்ச்சி என்று காட்டுவதும் இந்த நாடகங்களின் இலக்கணம். அன்றைய ஹாலிவுட்டுக்கும் இதுவே பாதுகாப்பான பாதையாகத் தோன்றியது. உண்மையான ஆவியைத் திரையில் காட்டிவிட்டு விளக்கம் தராமல் விடும் துணிவு அமெரிக்கப் படத் தயாரிப்பாளர்களுக்கு அப்போது பெரிதாக இருக்கவில்லை. 1931இல் ‘டிராகுலா’ வந்த பிறகுதான் அந்தத் தயக்கம் உடைந்தது. அதையும் தயாரித்தது யுனிவர்சல்தான்.

யுனிவர்சலின் தலைவர் கார்ல் லெம்லி ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். தாய்நாட்டுத் திரைக் கலைஞர்களை அழைத்து வருவதில் அவருக்கு ஆர்வம் இருந்தது. 1924இல் வெளியான ‘மெழுகுப் பொம்மை அருங்காட்சியகம்’ என்ற ஜெர்மன் படத்தைப் பார்த்தே பால் லெனியை அழைத்தார். 1885இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த லெனி அடிப்படையில் ஓவியர், அரங்க வடிவமைப்பாளர். புகழ்பெற்ற நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டுக்கு அரங்குகள் அமைத்தவர். கோணலான சுவர், நீண்ட நிழல், மனக் கலக்கத்தைக் கட்டடத்தின் வடிவிலேயே காட்டும் முறை ஆகியவை ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசத்தின் அடையாளங்கள். அவற்றைக் கையோடு கொண்டு வந்த லெனியிடம் ஹாலிவுட் முதலில் கொடுத்தது ஏற்கெனவே எல்லோருக்கும் கதை தெரிந்த ஒரு மேடை நாடகம். கதை தெரிந்திருந்ததே அவருக்கு வசதியாகப் போயிற்று. கதை சொல்லும் பாரம் குறைந்ததால் வீட்டைக் காட்டுவதில் முழுக் கவனமும் செலுத்த முடிந்தது.

கதை

ஹட்சன் ஆற்றங்கரை மாளிகையில் சைரஸ் வெஸ்ட் என்ற பணக்காரக் கிழவர் சாகக் கிடக்கிறார். சொத்துக்காகச் சூழ்ந்து நிற்கும் உறவினர்கள், கூண்டிலிருக்கும் கேனரிக் குருவியைச் சுற்றும் பூனைகளைப் போல அவர் மனத்தில் தோன்றுகிறார்கள். படத்தின் தலைப்பு இங்கிருந்து வருகிறது. தாம் இறந்து இருபது ஆண்டுகள் கழித்தே உயிலைத் திறக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுச் சாகிறார்.

இருபது ஆண்டு நிறையும் நள்ளிரவில் உறவினர்கள் கூடுகிறார்கள். வக்கீல் ராஜர் கிராஸ்பி இரும்புப்பெட்டியைத் திறக்கும்போது, யாரோ முன்பே அதைத் திறந்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. உயிலின்படி வெஸ்ட் என்ற குடும்பப் பெயரைத் தாங்கிய மிகத் தொலைவான உறவினருக்கே சொத்து. அவர் அன்னபெல் என்ற இளம்பெண். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அவள் மனநலத்தோடு இருக்கிறாள் என்று ஒரு மருத்துவர் சான்று தர வேண்டும். தவறினால் இன்னொரு உறையில் பெயர் எழுதப்பட்டிருக்கும் அடுத்த வாரிசுக்குச் சொத்து போய்விடும்.

கதையின் சூட்சுமம் முழுவதும் இந்த நிபந்தனையில் இருக்கிறது. அன்னபெல்லைக் கொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவளைப் பைத்தியம் என்று மற்றவர்கள் நம்பினால் போதும். தன்னைப் பூனையாக நினைத்துக்கொள்ளும் ஒரு பைத்தியக்காரன் தப்பி வந்திருப்பதாகக் காவலன் ஒருவன் வந்து சொல்கிறான். இரண்டாம் வாரிசின் பெயரைச் சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் வக்கீல் மாயமாகிறார். அவரோடு அறையில் இருந்தவள் அன்னபெல் மட்டுமே. அவள் சொல்வதை யாரும் நம்பவில்லை. இரவில் தூங்கும் அவள் தலைமாட்டுச் சுவரிலிருந்து நகம் நீண்ட ஒரு கை வந்து கழுத்து நகையைப் பறிக்கிறது. அதையும் யாரும் நம்பவில்லை. பின்னர் சுவரில் மறைந்திருந்த பலகை திறந்து வக்கீலின் பிணம் விழும்போதுதான் அவள் சொன்னது உண்மை என்று தெரிகிறது. முடிவில் ‘பூனை’யின் முகமூடி கழற்றப்படுகிறது, உள்ளே இருப்பவன் இரண்டாம் வாரிசான சார்லஸ் வைல்டர். காவலனும் அவன் ஆள்தான்.

அன்னபெல்லாக லாரா லா பிளாண்ட்டும், அவளுக்குத் துணை நிற்கும் கோழை பால் ஜோன்ஸாகக் கிரெய்டன் ஹேலும், வக்கீலாக டல்லி மார்ஷலும், வைல்டராக ஃபாரஸ்ட் ஸ்டான்லியும் நடித்தனர். மாளிகையைக் காத்துவரும் வேலைக்காரி மம்மி பிளெசன்டாக வரும் மார்த்தா மாட்டாக்ஸின் இறுகிய முகம், வசனம் எதுவுமின்றியே படத்தில் அதிகம் பேசுவது. கிரெய்டன் ஹேலின் நகைச்சுவை இன்று பெரும்பாலும் எடுபடுவதில்லை. கட்டிலுக்கு அடியில் ஒளிவது, தடுக்கி விழுவது என்று அவர் செய்பவை அன்றைய வழக்கப்படி சேர்க்கப்பட்டவை. படத்தின் வேகத்தை அவை பல இடங்களில் கெடுக்கின்றன.

கண்ணால் கேட்கும் ஒலி

பேய்க் கதைக்கு ஒலி முக்கியம். கதவு கிறீச்சிடுவது, தூரத்தில் காலடி, திடீரென்று அடிக்கும் கடிகாரம். இவற்றில் ஒன்றுமே இல்லாமல் ஒரு பேய்வீட்டைக் காட்டுவது எப்படி என்பதே லெனி எதிர்கொண்ட சிக்கல். அதற்கு அவர் கண்ட வழிகள் இன்றும் புதிதாகவே தெரிகின்றன.

தொடக்கத்தில் தூசும் ஒட்டடையும் படிந்த பரப்பு ஒன்று திரையை நிறைக்கிறது. ஒரு கை வந்து அதைத் துடைக்கத் துடைக்கப் படத்தின் பெயர் தெரிகிறது. அடுத்து மாளிகையின் கோபுரங்கள் மருந்துப் புட்டிகளாக மாறுகின்றன. அப்புட்டிகளுக்கு நடுவே சிறுத்துப்போன கிழவர். அவர் மீது பாயும் இராட்சதக் கரும்பூனைகள். ஒரே பிலிமில் பல முறை படம்பிடித்துப் பிம்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியவைக்கும் உத்தி இது. நோய், பேராசை, தனிமை மூன்றையும் எழுத்து அட்டையில் சொல்லியிருந்தால் நான்கு வரி தேவைப்பட்டிருக்கும். லெனி ஒரே பிம்பத்தில் முடித்துவிட்டார்.

நள்ளிரவு மணி அடிக்கும்போது கடிகாரத்தின் உள்ளே சுழலும் சக்கரங்களுக்கு ஊடாக, கீழே கூடியிருக்கும் உறவினர்கள் தெரிகிறார்கள். மணியோசை காதில் விழுவதில்லை. ஆனால் விழுந்ததாகவே தோன்றுகிறது. பயந்தவர் பேசும் சொற்களைக் காட்டும் எழுத்து அட்டைகளில் எழுத்துகளே நடுங்குகின்றன, பெரிதாகின்றன. வசனத்தைப் படிக்கும் பார்வையாளருக்குக் குரலின் ஏற்ற இறக்கம் கண் வழியே கிடைத்துவிடுகிறது.

படத்தில் அதிகம் பேசப்படும் காட்சி நீண்ட நடைபாதையில் நிகழ்வது. இருபுறமும் உயர்ந்த சன்னல்கள், காற்றில் புடைக்கும் வெண்திரைகள், அவற்றுக்கு நடுவே மெல்ல ஊர்ந்து செல்லும் கேமரா. ஒளிப்பதிவாளர் கில்பர்ட் வாரென்டன் கேமராவை ஒரு மனிதரின் பார்வை போல நகர்த்தினார். யார் பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரிவதில்லை. நடிகர்கள் உண்மையாகவே திடுக்கிட வேண்டும் என்பதற்காக லெனி படப்பிடிப்பில் சேகண்டி போன்ற பெரிய தட்டு ஒன்றைத் திடீரென்று அடிப்பார் என வாரென்டன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மௌனப் படத்தின் படப்பிடிப்புத் தளம் மௌனமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையே!

அரங்கை வடிவமைத்த சார்லஸ் டி. ஹால் பின்னர் ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படங்களுக்கும் வேலை செய்தார். யுனிவர்சலின் திகில் படங்களுக்கென்று ஒரு தோற்றம் உருவானதில் இந்த மாளிகைக்குப் பங்கு உண்டு.

லெனி அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. 1928இல் ‘சிரிக்கும் மனிதன்’ படத்தை எடுத்தார். 1929இல் ‘தி லாஸ்ட் வார்னிங்’ வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி, பல்லில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் கலந்து இறந்தார். வயது 44. அவர் 1927இல் எடுத்த இன்னொரு படமான ‘தி சைனீஸ் பேரட்’ இன்று இல்லை. ஒரே ஆண்டில், ஒரே நிறுவனத்துக்கு, ஒரே இயக்குநர் எடுத்த இரண்டு படங்களில் ஒன்று பிழைத்தது, ஒன்று அழிந்தது. இதில் தகுதிக்கு எந்த வேலையும் இல்லை.

படங்கள் எப்படிச் செத்தன

1950களின் தொடக்கம் வரை திரைப்படங்கள் நைட்ரேட் பிலிமில் எடுக்கப்பட்டன. செல்லுலோஸ் நைட்ரேட் வெடிமருந்துக்கு உறவுக்காரப் பொருள். எளிதில் தீப்பற்றும், பற்றினால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது, ஏனெனில் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. தீ பிடிக்காவிட்டாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் தானாகவே சிதையும். முதலில் பிம்பம் பழுப்பாகும், பிறகு சுருள் பிசுபிசுக்கும், கடைசியில் டப்பாவைத் திறந்தால் பழுப்புத் தூள்தான் இருக்கும்.

இயற்கை செய்தது பாதி. மீதியை மனிதர்கள் செய்தார்கள். பேசும் படம் வந்ததும் மௌனப் படத்துக்கு வணிக மதிப்பு இல்லாமல் போயிற்று. நைட்ரேட்டைச் சேமித்து வைக்கக் காப்பீட்டுச் செலவு வேறு. பிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றால் கொஞ்சம் காசு கிடைக்கும். 1948இல் யுனிவர்சல் தன்னிடம் மிச்சமிருந்த மௌனப் பட நெகட்டிவ்களை வேண்டுமென்றே அழித்தது. நிறுவனத்தின் கணக்கில் அது கிட்டங்கியைச் சுத்தம் செய்யும் வேலை.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகத் திரை வரலாற்றாளர் டேவிட் பியர்ஸ் 2013இல் அளித்த அறிக்கை இழப்பின் அளவைக் கணக்கிட்டது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான முழுநீள மௌனப் படங்கள் 10,919. அவற்றில் முதலில் வெளியான வடிவிலேயே, 35 மி.மீ. பிலிமில் முழுமையாக இருப்பவை 14 விழுக்காடு மட்டுமே. வெளிநாட்டுப் பிரதிகள், குறைபட்ட பிரதிகள், வீட்டில் போட்டுப் பார்க்கத் தயாரித்த 16 மி.மீ. சிறு பிரதிகள் ஆகியவற்றைச் சேர்த்தாலும் சுமார் 70 விழுக்காடு போய்விட்டது.

அந்தப் பட்டியலில் கடைசியாக உள்ள சிறு பிரதிகள் கவனிக்கத் தக்கவை. யுனிவர்சல் 1920களின் இறுதியில் வீட்டுப் பயன்பாட்டுக்கென 16 மி.மீ. பிரதிகளை வெளியிட்டது. இவை எளிதில் தீப்பிடிக்காத பிலிமில் இருந்தன. நிறுவனம் பெரியதை எரித்தது. யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் சிறியது கிடந்தது. யுனிவர்சலின் பல மௌனப் படங்கள் இன்று இருப்பது இந்தத் தற்செயலால்தான்.

மீட்பு வேலை

‘தி கேட் அண்ட் த கேனரி’ ஒருபோதும் முற்றாகத் தொலைந்து போனதில்லை. அதன் பிரச்சினை வேறு. பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி என்று இறங்கியதில் நிழல்கள் ஒரே கருப்பாகவும் வெளிச்சங்கள் ஒரே வெள்ளையாகவும் ஆகிவிட்டன. சாதாரண நாடகப் படத்தில் இது பெரிய குறை அல்ல. நிழலின் அடர்த்தியையே நம்பி எடுக்கப்பட்ட படத்துக்கு இது உயிரையே எடுப்பது போன்றது. நடைபாதைக் காட்சியில் திரைச்சீலையின் மடிப்புகள் தெரியாவிட்டால், அதன் பின்னால் யாரோ இருக்கலாம் என்ற ஐயமே பார்வையாளருக்கு எழாது.

இப்படத்தை மீட்கும் பணியைப் பிரிட்டனின் போட்டோபிளே நிறுவனம் மேற்கொண்டது. மௌனப் பட ஆய்வில் முன்னோடியான கெவின் பிரவுன்லோவும் அவருடைய சகா பாட்ரிக் ஸ்டான்பரியும் இதை நடத்தினர். 2004இல் நீல் பிராண்ட் புதிதாக அமைத்த இசையோடு படம் வெளிவந்தது. பின்னர் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 4கே தரத்தில் இன்னொரு மீட்டுருவாக்கம் செய்தது. அதிலிருந்து உருவான புளூரே வட்டு 2024இல் பிரிட்டனில் வெளியானது.

ஒரு மௌனப் படத்தை மீட்பது என்றால் கீறலைத் துடைப்பது மட்டுமன்று. முதலில் எந்த வடிவத்தை மீட்பது என்று முடிவு செய்ய வேண்டும். அக்காலத்தில் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு கேமராக்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தன; அல்லது ஒரே காட்சியை இரண்டு முறை எடுத்தன. ஒரு நெகட்டிவ் உள்நாட்டுக்கு, இன்னொன்று வெளிநாட்டுக்கு. எனவே ஒரே படத்தின் இரு பிரதிகளில் கோணமும் நடிப்பும் சற்று வேறுபடும். ஒன்றில் கெட்டுப்போன பகுதியை மற்றொன்றிலிருந்து எடுத்து ஒட்டினால் ஓட்டம் சரியாக அமையாது. வெளிநாட்டுப் பிரதிகளில் எழுத்து அட்டைகள் அந்தந்த மொழிக்கு மாற்றப்பட்டிருக்கும். நடுங்கும் எழுத்துகளைக் கொண்ட இந்தப் படத்தில் அட்டையும் ஒரு காட்சி என்பதால், வெறும் மொழிபெயர்ப்பு அட்டையை வைத்து ஈடுசெய்ய முடியாது.

அடுத்தது நிறம். மௌனப் படங்கள் கருப்பு வெள்ளையாக மட்டும் இருந்தன என்பது பிற்காலத்தவர் கொண்ட தவறான எண்ணம். இரவுக்கு நீலம், விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள் என்று பிலிமையே சாயத்தில் தோய்த்து எடுக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. கருப்பு வெள்ளையில் படியெடுத்தபோது அந்தச் சாயங்கள் விடுபட்டுப் போயின. ஓட்ட வேகமும் ஒரு கேள்வி. மௌனக் காலத்தில் வேகம் நிலையாக இல்லை. பேசும் படத்தின் வேகத்தில் ஓட்டினால் பல படங்களில் மனிதர்கள் தத்தித் தத்தி ஓடுவார்கள். எட்டு ரீல்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சட்டகங்கள். ஒவ்வொன்றையும் தனியாக ஸ்கேன் செய்து, ஆட்டத்தை நிறுத்தி, கீறலை நீக்கி, ஆனால் பிலிமின் இயல்பான மணித்துகள்களைத் துடைத்துவிடாமல் செய்ய வேண்டிய வேலை இது. அதிகம் துடைத்தால் முகங்கள் மெழுகாகிவிடும். பல வணிக வெளியீடுகளுக்கு நேர்ந்த கதி அது.

அதே ஆண்டுகளில் சென்னை

1927 அக்டோபரில், அதாவது இப்படம் வெளியான அடுத்த மாதம், ஆங்கிலேய அரசு இந்தியத் திரைப்படத் துறையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரி. இந்தியாவில் காட்டப்பட்ட படங்களில் பெரும்பகுதி வெளிநாட்டுப் படங்கள், அவற்றிலும் மிகப் பல அமெரிக்கப் படங்கள் என்பதை அக்குழுவின் அறிக்கை பதிவு செய்தது. யுனிவர்சல் முதல் உலகப் போர்க் காலத்திலேயே இந்தியாவில் விநியோகத்தைத் தொடங்கிவிட்டது. அதன் தொடர் படங்களில் நடித்த எட்டி போலோ தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் பெரிய நாயகன். எழுத்து அட்டைகளைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் திரையருகே நின்று கதையைத் தமிழில் விளக்கிச் சொல்லும் வழக்கமும் இருந்தது. மௌனப் படம் தமிழ்நாட்டில் முழு மௌனமாக ஓடியதில்லை.

உள்ளூர்த் தயாரிப்பும் நடந்துகொண்டிருந்தது. கார் உதிரிபாக வணிகரான ஆர். நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோ அமைத்து ‘கீசக வதம்’ எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் முழுநீள மௌனப் படம் அது. சென்னையின் வெக்கையில் பிலிமைக் கழுவ முடியாததால், அதற்கான கூடத்தைப் பெங்களூரில் வைத்துக்கொண்டு வாரந்தோறும் போய் வந்தார். ஸ்டூடியோவில் தீ, மகனின் மரணம் எனத் துன்பங்கள் தொடர 1920களின் தொடக்கத்தில் தொழிலை விட்டார். அவருக்குப் பின் ஆர். பிரகாஷ், ஏ. நாராயணன், ராஜா சாண்டோ, ஆர். பத்மநாபன் என்று பலர் வந்தார்கள். சென்னையை மையமாகக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன.

அவற்றில் இன்று பார்க்கக் கிடைப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவி பி. வி. ராவ் இயக்கி, நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வெளியான படம். அது பிழைத்த விதம் விசித்திரமானது. நாவலின் உரிமை தங்களுடையது என்று கமலாலயா புத்தகக் கடை வழக்குத் தொடுத்து வென்றது. படம் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டுப் பதிப்பகத்தின் கைக்குப் போயிற்று. ஓடாததால் தேயவில்லை, விற்க முடியாததால் வெள்ளிக்காக உருக்கப்படவும் இல்லை. 1974இல் புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றது. தயாரிப்பாளரை முடக்கிய வழக்கே படத்தைக் காப்பாற்றியது.

அந்தக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964இல்தான். பி. கே. நாயர் ஊர் ஊராக அலைந்து சுருள்களைத் தேடத் தொடங்கியபோது மௌனக் காலம் முடிந்து முப்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. இந்தியாவில் எடுக்கப்பட்ட சுமார் 1,300 மௌனப் படங்களில் முழுமையாகவோ துண்டாகவோ கிடைத்தவை சில டஜன்களுக்குள் அடங்கும். சேர்த்ததும் முழுக்கப் பத்திரமாக இல்லை. 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிட்டங்கி எரிந்தது. அமெரிக்காவில் போல இங்கே வீட்டுக்கான 16 மி.மீ. சந்தை வளரவில்லை, பிரதிகளின் எண்ணிக்கை குறைவு, கொட்டகை கொட்டகையாக ஓடித் தேய்ந்தவை கடைசி ஊரிலேயே தங்கிவிட்டன. தட்பவெப்பத்தை மட்டும் குறை சொல்வது சரியாகாது. ஒரு படத்துக்கு எத்தனை பிரதிகள், அவை எத்தனை கைகளில் இருந்தன என்பதே பிழைப்பைத் தீர்மானித்திருக்கிறது.

உயில் நிபந்தனையின் பயணம்

1964இல் ராஜ் கோஸ்லா இயக்கத்தில் வெளியான இந்திப் படம் ‘வோ கௌன் தீ?’. மழை இரவில் வெள்ளைப் புடவையில் வரும் பெண், பாழ் மாளிகை, கேட்டுக்கொண்டே இருக்கும் பாட்டு. நாயகனான மருத்துவருக்குத் தூரத்து உறவினரின் பெரும் சொத்து வர இருக்கிறது. ஆனால் அவர் மனநலத்தோடு இருந்தால்தான் வரும். அவரைப் பைத்தியமாக்க அடுத்த வாரிசு ஆடும் நாடகமே அந்தப் பேய். இப்படம் 1966இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடிக்க ‘யார் நீ?’ என்று தமிழில் வந்தது.

அன்னபெல்லுக்குக் கிழவர் வெஸ்ட் விதித்த நிபந்தனையும் இதுவும் ஒன்றே. நேரடித் தழுவல் என்று சொல்ல வேண்டியதில்லை. வாரிசைப் பைத்தியமாக்கும் சதி ஆங்கில நாவல்களிலும் பழைய சரக்கு. ஆனால் உயில், மனநலச் சான்று, அடுத்த வாரிசு, பொய்ப் பேய் என்ற நான்கும் இதே வரிசையில் ஒட்டி வருவது பிராட்வே நாடகம் வகுத்த பாதை. தமிழில் அது வேர் பிடித்ததற்குக் காரணம் உண்டு. சொத்துத் தகராறு நம் கதைகளுக்குப் புதிதல்ல. பங்காளியை நம்பக் கூடாது என்பது பேயைவிடப் பழைய பயம். 1967இல் ஏவி.எம். தயாரிப்பாக ஏ. சி. திருலோகசந்தர் இயக்கிய ‘அதே கண்கள்’ படத்திலும் பெரிய வீட்டுக்குள் முகமூடி மனிதன் நடமாடுகிறான். முடிவில் முகமூடிதான் கழற்றப்படுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு வழியும் தமிழில் இருந்தது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ கதையில் வேலைக்கு வந்து சேரும் பெண் பேயா, எழுத்தாளனின் மனக்கலக்கமா என்பது கடைசிவரை தீர்க்கப்படுவதில்லை. முகமூடி இல்லாததால் கழற்றவும் எதுவும் இல்லை. சொ. விருத்தாசலம் என்பது அவருடைய இயற்பெயர். இன்று பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊரின் பெயரும் அதுவே. அவர் திரைத்துறையிலும் வேலை செய்தார். இருந்தும் தமிழ்ப் பேய்ப் படம் நெடுங்காலம் ‘காஞ்சனை’யின் வழியில் போகாமல், பொய்ப் பேயின் வழியிலேயே போயிற்று.

பின்தொடர்ந்த படங்கள்

வில்லார்டின் நாடகம் பலமுறை படமாயிற்று. 1939இல் பாப் ஹோப் நடித்தது நன்றாக ஓடியது; 1979இல் பிரிட்டனில் இன்னொன்று வந்தது. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பு, 1930இலேயே யுனிவர்சல் ‘தி கேட் கிரீப்ஸ்’ என்ற பெயரில் இதைப் பேசும் படமாக எடுத்தது. ஸ்பானிய மொழியிலும் தனியாக ஒரு படம் எடுத்தது. மௌனப் படத்துக்குப் பதிலாக வந்த அந்த இரண்டு பேசும் படங்களும் இன்று இல்லை. ஆங்கிலப் படத்தின் ஒலித் தட்டுகள் கிடைத்திருக்கின்றன. அதன் காட்சிகளில் சில நிமிடங்கள் மட்டும், 1932இல் யுனிவர்சல் வேடிக்கைக்காகத் தொகுத்த ‘பூ!’ என்ற குறும்படத்துக்குள் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கின்றன.

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31ஆம் தேதி வெளியானது. டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தின் பிரதி எதுவும் கிடைக்கவில்லை. பத்திரிகை விளம்பரங்களும் சில நிழற்படங்களும் இருக்கின்றன. சென்னையில் 2017இல் பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் திரைப்படப் பாதுகாப்புப் பயிலரங்கு ஒன்றை நடத்தியபோது, அங்கு வந்தவர்களுக்குக் கற்றுத்தரப்பட்ட முதல் வேலைகளுள் ஒன்று, ஒரு பழைய டப்பாவைத் திறந்து உள்ளே இருப்பது எந்த வகைப் பிலிம், எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று கண்ணாலும் மூக்காலும் சோதித்து அட்டையில் குறித்துவைப்பது.